விசாரணைக் கூடத்தில் கட்டிய கரை

பெரிய நாட்டு அமைச்சர் யாராவது மிரட்டிப் பேசிவிட்டுத் தொலைபேசியை வைக்கும் ஒவ்வொரு முறையும், ஹேக் நகரத்தின் சர்வதேசக் குற்ற நீதிமன்றங்களிலேயே சின்னதான ஒன்றின் விசாரணைக் கூடத்தில் கடல்நீர் இரண்டு விரற்கடை ஏறியது. முதல் வருடம் நீதிபதிகள் காலணிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் பெரிய நாடு ஒன்று மூன்று நீதிபதிகளின் விசாவையும் வங்கி அட்டையையும் முடக்கிய வாரத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். வழக்கறிஞர் ஒருவர் சாட்சியை விசாரித்தபடியே காலைச் சுற்றிய விலாங்கை ஒதுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இதையெல்லாம் அளந்து குறித்தவள், கரை கட்டியும் பம்பு வைத்து இறைத்தும் கடலிடமிருந்து ஊரைக் காக்கும் நீர் வாரியத்தின் பம்பு மேற்பார்வையாளர் ஃபெம்கே. அவள் தரை விரிசலை அடைத்தாள். தண்ணீர் சுவர் வழியாக வந்தது. சுவரை அடைத்தாள்; சட்டப் புத்தகங்களுக்குள்ளிருந்து கசிந்தது. கடலை வராதே என்று சொல்ல முடியாது என்பதை வாரியத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவ்வளவு தெரிந்தவளும் அடைத்துப் பார்ப்பதிலேயே பதினான்கு மாதத்தைத் தொலைத்தாள்.

மூன்றாம் வருடம், பதினொரு கிராமங்களை எரித்த ஒரு ஜெனரலுக்குத் தீர்ப்பு சொல்ல வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அவருக்கு வேண்டிய நாடுகள் நிறைய. அழைப்புகள் ஓயவில்லை, தண்ணீர் இடுப்புக்கு வந்தது. விதிப்படி அந்தக் கூடத்தில், உயர்ந்த மேடையிலிருக்கும் அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் தீர்ப்பைப் படிக்க வேண்டும். இருக்கை மூழ்கினால் வழக்கு அதோடு சரி, ஜெனரல் வீட்டுக்குப் போய்விடுவார். எரிந்த ஊர்களில் ஒன்றிலிருந்து வந்திருந்த கம்பு விவசாயி இட்ரிசா படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வடியுமாம்மா?"

"வடியாதுண்ணே. போன் நிக்காது, இதுவும் நிக்காது."

"அப்ப நான் ஒம்பது வருஷம் காத்துக் கெடந்தது?"

ஃபெம்கேவுக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாயன்று, ஜெனரலுக்கு வேண்டிய நாடு ஒன்றின் தூதர் வாரிய அலுவலகத்துக்கே வந்தார். ஃபெம்கே அந்த ஊர் முறைப்படி ஒரு காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்து டப்பாவை மூடினாள். பராமரிப்பு வேலை என்று சொல்லி வெள்ளிவரை பம்புகளை நிறுத்திவைக்கலாமே என்றார் அவர், தேனொழுக.

"ஐயா, இந்த வாரியம் எங்க ராஜா குடும்பத்துக்கே மூத்தது. பம்பை நிறுத்துன்னு இதுவரைக்கும் எங்ககிட்ட ராஜாகூடச் சொன்னதில்ல. காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் கிளம்பியதும் அவள் கரை மணியை அடித்தாள். அந்த மணி கேட்டால், கரைக்குப் பின்னால் குடியிருக்கும் எல்லோரும் சொந்த மண்வெட்டியோடு வர வேண்டும், கரை எழும்பும்வரை யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது. பழைய சட்டம், நீக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரே வந்தது. இந்த நீதிமன்றத்தை இழுத்து மூடச் சொல்லி வாராவாரம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் மீன் கடை ஆரியும் வந்தார்.

"இந்தக் கோர்ட்டு வந்த நாள்லேர்ந்து தெருவுல வண்டி நிறுத்த எடமில்ல" என்றார் மண்ணை வாரியபடி.

"சண்டை கூடாது ஆரி."

"சண்டை இல்லம்மா, புகார். புகாருக்குச் சட்டத்துல தடை இல்ல."

நீதிபதி இருக்கை, குற்றவாளிக் கூண்டு, சாட்சி மேடை மூன்றையும் வளைத்துக் களிமண் கரை எழுந்தது. உள்ளே இருந்த தண்ணீரை ஃபெம்கே வெளியே இறைத்தாள். ஆளுக்கொரு ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்து வாயில் இறக்கிக்கொண்டும் பாடிக்கொண்டும் மூன்று நாள் வேலை நடந்தது. கல்யாண வீட்டில்கூட அந்த ஊர் அப்படிச் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கரைக்கு வெளியே தண்ணீர் ஓராள் உயரம் நின்றது. பார்வையாளர்கள் படகுகளில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தார்கள். நீதிபதி ஒலாசாபல் அம்மையார் ஏணி வழியாக உலர்ந்த தரைக்கு இறங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது அழைப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் ஆரி வாயே திறக்காமல் கரைமேல் இன்னொரு வரிசை மண் வைத்தார். பதினொரு ஊர்ப் பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஏழாவது தன் ஊர் என்றதும் இட்ரிசா எழுந்து நின்றார், கடைசிவரை உட்காரவில்லை. குற்றவாளி என்று நீதிபதி சொன்னபோது படகுகள் ஆடிய ஆட்டத்தில் நாலு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். ஃபெம்கே வெளிப்படையாக அழுதாள். இட்ரிசா கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"நல்ல மண்ணும்மா. கம்பு வரும்."

மடியில் முடிந்து வைத்திருந்த விதையை உள்சரிவு முழுக்கத் தூவிவிட்டு ஊருக்குத் திரும்பினார். அமைச்சர்கள் இன்னும் அழைக்கிறார்கள், வாரியம் கரையை உயர்த்திக்கொண்டிருக்கிறது. அடுத்த வழக்கு தொடங்கியாகிவிட்டது. கம்பு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருப்பதால், கூண்டிலிருக்கும் புது ஜெனரல் நீதிபதியைப் பார்க்கக் கதிர்களைக் கையால் விலக்க வேண்டியிருக்கிறது.