தட்டு மெதுவாய்ச் சுற்றிய வீடு

தங்கை அக்காவைவிட மூத்தவளாகிவிட்டாள். ஒரே வீட்டில் நான்கு ஆண்டு இடைவெளியில் பிறந்த இருவரில் பின்னால் பிறந்தவளுக்கு முதலில் நரைத்தது, முதலில் முழங்கால் வலித்தது, முதலில் கண்ணில் புரை விழுந்தது. முன்னால் பிறந்தவளோ நாற்பதுகளின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள். மாவு ஆலைக்குப் பின்புறச் சந்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மேட்டு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் மெதுவாக ஏறும் என்பதைப் போலவே, அக்கா குடியிருந்த கோடி வீட்டில் காலம் மெதுவாகப் போகும் என்பதும் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லப்பட்டுவிடும்.

அந்த வீட்டில் ஒரு பகல் கழிவதற்குள் வெளியே சூரியன் இருமுறை எழுந்தது. அவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். காலைச் செய்தித்தாள் நாளுக்கு இரண்டு வந்தது. அக்காவின் கணவர் இரண்டையும் படித்தார். பால்காரர் மணியை அடித்துவிட்டு, எதிர்வரிசை வீடுகளுக்கெல்லாம் ஊற்றி முடித்துத் திரும்பி வருகையில் அக்கா பாத்திரத்தோடு கதவைத் திறப்பாள். தங்கை மட்டும் அங்கே நெடுநேரம் உட்கார அஞ்சினாள். பிற்பகலில் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தால் பொழுது சாய்ந்திருக்கும், அடுப்பில் வைத்துவிட்டு வந்தது கருகியிருக்கும். அவள் வாசலில் நின்றபடியே அக்காவை ஏசுவாள். “என்னைப் பாத்து உங்கம்மாவான்னு கேக்கறாங்க அக்கா. நான் என்ன பதில் சொல்ல? ஆமா, நான்தான் பெத்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தங்கை சந்தின் முனைக்குப் போயிருப்பாள்.

அக்கா இதை இறைவன் அருள் என்றே நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர்; தம்மை வரச்சொல்லி வந்த அழைப்பிதழ்களைக்கூடச் சிவப்பு மையால் திருத்தி, அனுப்பியவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு விருந்துக்குப் போகிறவர். அவருடைய இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றும், இன்னொரு மழைக்காலத்தைக் காண்பது கடினம் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் மருத்துவமனையிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. மூடப்பட்ட ஒரு மன்றத்தின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கிடையே கிடந்த பழைய டர்ன்டேபிளையும், மரப்பெட்டியில் அடங்கிய ஆம்ப்ளிஃபயரையும், இடுப்புயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வீட்டுக்குள் எது வந்தாலும் இது எதற்கு என்று கேட்கும் அக்கா அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் அலமாரியைக் காலி செய்து கொடுத்தாள்.

அவர் பெரும்பாலும் ஒரே ஒரு பாடகியைத்தான் கேட்டார். இறைவனை இடைவிடாது அழைத்துக்கொண்டேயிருக்கும் துதிகள் அவை. தட்டு ஓயாமல் சுற்றியது. இசைத்தட்டு முடிந்து ஊசி எழுந்த பின்னும் அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மழைக்காலம் வந்தது, போயிற்று. மற்றொன்று வந்தது, அதுவும் போயிற்று. அவர் மாடிப்படி ஏறினார், கடைக்குப் போனார், செய்தித்தாளில் அச்சுப்பிழைகளை வட்டமிட்டார். நாள் குறித்த மருத்துவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் பழைய கோப்பைப் பார்த்து, ஆண்டைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்தார்.

உண்மையில் நடந்தது இதுதான். மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. தட்டு சுற்ற வேண்டிய வேகத்தைவிட ஒரு மயிரிழை மெதுவாகச் சுற்றியது. வீடு அந்தத் தட்டோடு சுற்றியது. சுருதியில் தாழ்ந்தது மயிரிழை, காலத்தில் குறைந்தது பாதிக்குப் பாதி. இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இசைத்தட்டு கேட்டவர்கள் அல்லர்.

பெல்ட் தளர்ந்துகொண்டே போய், ஒருநாள் வழுக்கத் தொடங்கியது. தட்டு நின்று நின்று போயிற்று. அது நின்றபோதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது. அக்கா இரண்டையும் சேர்த்து எண்ணவில்லை. பாட்டில்லாமல் அவருக்கு மனம் தளர்கிறது என்று நினைத்து முள்ளம்மாவை அழைத்து வந்தாள்.

முள்ளம்மாவின் கடை பேருந்து நிலையத்து மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நுழைகிறவர் தோளைச் சரித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். பழைய ஒலிப்பெட்டிகளுக்கு அந்த ஊரில் அவளைவிட்டால் வேறு போக்கில்லை. அவள் இருக்கையில் வேறு போக்கு வேண்டியதும் இல்லை. முதலில் ரசமட்டத்தை வைத்துப் பெட்டியின் நான்கு மூலையும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பாள். விரல்நீளத் தராசில் ஊசிமுனையை நிறுத்து, மலர்மேல் தும்பி அமரும் எடைக்குக் கொண்டுவருவாள். சிறு பேட்டரியை ஸ்பீக்கர் கம்பியில் ஒருகணம் தொட்டு, காகிதக் கூம்பு முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று நோக்குவாள். ஒன்று முன்னே வந்து மற்றது பின்னே போனால் பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் சுவரெங்கும் அலைந்து திரியும் என்பாள். அவள் கம்பியை மாற்றிப் பூட்டியதும், அதுவரை அறையில் எங்கோ இருந்த குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வந்து நிற்கும். அப்படி நின்ற பாடகருக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர்கள் உண்டு. ஸ்பீக்கரின் மேல் பூச்சாடி வைத்திருந்த வீட்டில், அவள் சாடியை எடுத்து வீட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்; அவர் அவள் கிளம்பும்வரை அதை ஏந்திக்கொண்டு நின்றார்.

வேகம் தவறிய தட்டை விட்டுவிட்டு அவள் எந்த வீட்டிலிருந்தும் படியிறங்கியதில்லை. தொழில் தொடங்கிய நாள்முதல் அது அவளுடைய நோன்பு.

பிழைதிருத்துபவர் அப்போது உள்ளறையில் மருந்தின் அயர்ச்சியில் உறங்கிக்கொண்டிருந்தார். நின்றுவிடாமல் ஓடினால் போதும் என்று அக்கா சொன்னாள். போதும் என்ற சொல் முள்ளம்மாவுக்குப் பிடிக்காது. அவள் தட்டைத் தூக்கி அச்சைத் துடைத்தாள், புது பெல்ட்டை மாட்டினாள், சுற்றும் தட்டின்மேல் கறுப்புக் கோடுகள் வரைந்த காகித வட்டத்தை வைத்து விளக்கை அருகில் பிடித்தாள். வேகம் குறைந்தால் அந்தக் கோடுகள் பின்னோக்கி நகரும், மிகுந்தால் முன்னோக்கி ஓடும். அவை அசையாமல் நின்றன. பிறகு வழக்கப்படி பழைய பெல்ட்டைக் கத்தரிக்கோலால் மூன்று துண்டாக்கினாள். முழுசாக விட்டுவைத்தால் வாடிக்கையாளர் அதை இழுப்பறையில் போட்டுவைத்து, என்றைக்காவது ஆத்திர அவசரத்துக்கு மீண்டும் மாட்டிவிடுவார் என்பது அவள் அனுபவம்.

அவள் போன பின் பிழைதிருத்துபவர் எழுந்து வந்தார். பாட்டின் முதல் அடியைக் கேட்டார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சரியாக இருந்தது. தம் வாழ்நாள் முழுவதும் பிறர் பிழையைத் திருத்தியவர், திருத்தப்பட்ட ஒன்றைப் பற்றி யாரிடம் முறையிடுவார்? செய்தித்தாள் நாளுக்கு ஒன்றாகியது. திரைச்சீலையை விலக்கிவைத்தார்கள். நின்ற இடத்தில் காத்திருந்த நோய் எழுந்து தன் நடையைத் தொடர்ந்தது. அவர் மாடிப்படியை மறந்தார், பிறகு வாசற்படியை.

விஷயத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் தங்கை. ஒருநாள் வந்து, வழக்கமான அச்சத்தோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தவள், தெருவுக்குப் போய் அங்கே இருந்தவர் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அக்கா, வந்தப்போ நாலு மணி. இப்ப நாலேகால். வெளியிலயும் நாலேகால்தான். உங்க வீட்டுக்கு என்ன ஆச்சு?”

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

“பெல்ட் தளர்ந்து சுருதி கொஞ்சம் தாழ்ந்தப்பவே எனக்குக் கேட்டுடுச்சு,” என்றார். “எத்தனையோ பிழை திருத்தியிருக்கேன். அது ஒண்ணை மட்டும் விட்டுவெச்சேன். அதுலதான் நான் இருந்தேன்.”

அக்கா செருப்பை மாட்டிக்கொள்ளவும் மறந்து பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். மாடிப்படிக்கு அடியில் தோளைச் சரிக்காமல் நுழைந்து இடித்துக்கொண்டாள். பழைய பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டாள். அதை நறுக்கிவிட்டதாக முள்ளம்மா சொன்னாள். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். முள்ளம்மா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“நான் சரியாத்தானேம்மா பண்ணினேன்?”

“சரியாத்தான் பண்ணீங்க. அதான் வந்திருக்கேன்.”

முள்ளம்மா அன்று கடையைச் சாத்திவிட்டாள். அவள் நம்பாமல் இல்லை. இசை ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தும் என்பதை அவளைவிட அறிந்தவர் யார்? ஆனால் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கெடுப்பதற்கு அவள் கை இசையவில்லை. புது பெல்ட்டுகளை வெந்நீரில் போட்டு இழுத்துப் பார்த்தாள். அவற்றை மாட்டிய தட்டின் சுருதி தாழவில்லை, தள்ளாடியது. தள்ளாட்டத்தை அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

அதற்கிடையில் அக்கா சுற்றும் தட்டின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு தாழ்ந்தது, காலமும் தாழ்ந்தது. ஆனால் மனிதவிரல் நடுங்கும். விரல் அழுந்தியபோது சுவர்க் கடிகாரத்தின் முள் தேனில் விழுந்த ஈயைப் போல ஊர்ந்தது, விரல் தளர்ந்தபோது விட்டதைப் பிடிக்கப் பாய்ந்தது. அந்த வாசலைக் கடந்தவர்களுக்குத் தலைசுற்றியது. பால்காரர் ஒரே நடையில் மூன்றுமுறை மணியடித்ததாகச் சொன்னார். விரல்நுனி தேய்ந்து சிவந்தது. கணவர் கையை எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. தங்கை வந்து சமைத்துப் போட்டாள். அக்கா சாப்பிடும் பொழுதுகளில் தங்கை தன் விரலைத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். “அத்தான், நல்லா பாடறாங்களா பாருங்க. நான் அக்காவைவிட அழுத்திப் பிடிக்கறேன்,” என்றாள். மூத்துப்போன கை அது. நடுக்கம் அதற்குத்தான் அதிகம்.

இந்த நிலையில்தான் முள்ளம்மா வந்தாள். கையில் பெல்ட் இல்லை. உப்புத்தாள் ஒரு துண்டு இருந்தது. அக்காவின் விரலைப் பார்த்தாள், அந்தக் கையை எடுத்து அக்காவின் மடியிலேயே வைத்தாள். தட்டைத் தூக்கினாள். மோட்டாரின் தலையில், பெல்ட் தழுவிச் சுற்றும் பித்தளைக் கழுத்து ஒன்று உண்டு. கழுத்து இளைத்தால் தட்டு மெதுவாகும். இளைத்த கழுத்தை மீண்டும் பருக்கவைக்க எவராலும் இயலாது. இதைச் சொல்லிவிட்டு, இனி இந்தப் பெட்டியை உலகத்தில் யாரும் சரிசெய்ய முடியாது என்றும் சொன்னாள். பிழைதிருத்துபவர் தலையசைத்தார். முள்ளம்மா ஒருகணம் கண்மூடி நின்றுவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, சுழலும் பித்தளையில் உப்புத்தாளைத் தொட்டாள். பொன்னிறத் தூள் அவள் நகக்கண்ணில் படிந்தது.

தேய்ப்பாள், தட்டை ஏற்றி, பெல்ட்டை மாட்டி, ஊசியை இறக்குவாள், அக்கா, தங்கை, கணவர் மூவரும் கேட்பார்கள், மறுபடியும் தட்டை இறக்கித் தேய்ப்பாள். பொய்யைச் செய்தபோதும் அவள் மெய்யைச் செய்வதுபோல் செய்தாள். ஒவ்வொரு முறையும் ரசமட்டம் வைத்தாள், ஊசியைத் தராசில் நிறுத்தாள். பாடகியின் குரல் படிப்படியாகக் கனத்து, அறையின் நடுவே அமைதியாக இறங்கி நின்றது. பிழைதிருத்துபவரின் மூச்சு அடங்கிச் சீரானது. இதுதான் பழைய இடம் என்று அவர் கையை உயர்த்தினார்.

“இன்னும் தேய்க்கலாம்,” என்றாள் முள்ளம்மா. “இன்னும் கொஞ்சம் தாங்கும்.”

“வேணாம்மா. இதுக்கு மேல தேய்ச்சா பாடறவங்களுக்கு மீசை முளைச்சிடும்.”

“முளைச்சா முளைக்கட்டும்,” என்றாள் அக்கா. “மீசையோட பாடட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் பாட்டு பாட்டாக இருக்க வேண்டும் என்றார். நீங்கள் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் மறுத்தார். அவள் சிவந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். முள்ளம்மா யாரையும் கேட்கவில்லை. தட்டை இறக்கினாள், கண்ணிமைக்கும் நேரம் உப்புத்தாளைத் தொட்டாள், எடுத்தாள். மீண்டும் ஊசி இறங்கியது. குரல் முன்னிலும் ஒரு மயிரிழை ஆழமாகியிருந்தது. ஆனாலும் பாடகி பெண்ணாகவே இருந்தாள், இறைவனை அழைத்துக்கொண்டேயிருந்தாள். பிழைதிருத்துபவர் முதல் அடியைக் கேட்டார், இரண்டாம் அடியையும் கேட்டார். அச்சகத்தில் கடைசித் தாளில் கையெழுத்திடும்போது சொல்வதைச் சொன்னார்.

“சரி. அச்சுக்குப் போகலாம்.”

முள்ளம்மா உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இசைத்தட்டின் இரு பக்கங்களையும் முழுவதுமாகக் கேட்டு, தேநீர் குடித்துவிட்டுப் படியிறங்கினாள். கடைக்குப் போனபோது வாசலில் ஆம்ப்ளிஃபயரோடு ஒருவர் அமர்ந்திருந்தார். நேற்று முன்தினத்திலிருந்து வந்து வந்து போவதாகச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

செய்தித்தாள் இப்போது அந்த வீட்டில் நாளுக்கு நான்கு வருகிறது. நான்கிலும் அவர் வட்டமிடுகிறார். பால்காரர் முதல்நாள் மணியடித்து, மறுநாள் ஊற்றுகிறார். சில தாய்மார்கள் முள்ளம்மாவிடம் வந்து, வளர்ந்துபோகும் பிள்ளைகளுக்காகத் தங்கள் வீட்டுத் தட்டையும் கொஞ்சம் தேய்த்துக் கொடுக்கும்படி கேட்டார்கள். பிள்ளைகளை வளரவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆண்டுக்கு ஒருமுறை அவள் கோடி வீட்டுக்குப் போகிறாள். தட்டின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊசியைத் துடைத்து, அக்கா, தங்கை, பிழைதிருத்துபவர் மூவரோடும் அமர்ந்து அரைநாள் பாட்டுக் கேட்டுவிட்டு வருகிறாள். அன்றைக்குக் கடைக் கதவில் ‘எண்ணெய் விடப் போயிருக்கிறேன்’ என்று ஓர் அட்டை தொங்கும். ஒரு சொட்டு எண்ணெய்க்கு இரண்டு நாளா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதில்லை. படித்துவிட்டு, மூன்றாம் நாள் வருகிறார்கள்.