அளவு முப்பத்தேழு

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி மீட்டிங் ஹாலில் நான்கு படங்கள் மாட்டினார்கள். சரக்கு வாங்கும் இத்தாலிக்காரர் அனுப்பியவை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வாட்டர்கலர் ஓவியங்களின் பிரதிகள். எல்லாவற்றிலும் அந்த ஊர்க் கிராமத்துப் பெண்கள். தலையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி, கழுத்தில் பவழம், சிவப்பு ரவிக்கை.

பார்த்ததும் எச்.ஆர். ஹேமந்துக்கு மூளை வேலை செய்துவிட்டது. "இதே மாதிரி நம்ம லேடீஸையும் போட்டோ எடுத்து அனுப்பலாம்" என்று தையல் செக்ஷனிலிருந்து என்னையும் உமைமாவையும் அந்த ஹாலுக்கே கூட்டிப்போனார். வாடகைக் கண்டாங்கிச் சேலை, இடுப்புக்கு ஒரு குடம், எதிரில் கேமராவோடு ஒரு போட்டோக்காரர். குடியாத்தத்தில் பிறந்த நான் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியை அன்றுதான் தொட்டேன். சேலைதானே, தொலையட்டும் என்று கட்டிக்கொண்டேன்.

"செருப்பைக் கழட்டிடுங்க தனகோடி. வெறுங்கால்தான் நேச்சுரலா இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்திரண்டு வருஷமாக ஷூ தைக்கிறவள் நான். எந்தப் படத்திலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன்.

"சார், அந்தப் படத்த நல்லா பாருங்க. அவளும் காட்டு வேலைக்காரிதான். கால்ல தோலச் சுத்தி, வார் போட்டு முழங்கால் வரைக்கும் கட்டியிருக்கா. வரைஞ்சவன் ஒரு வார் கூட வுடல. ஷூ தைக்கிற நாங்க இன்னாத்துக்கு வெறுங்காலோட நிக்கணும்?"

"ஜாஸ்தி பேசாத. சூப்பர்வைசர் லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்கு."

அந்த வேலைக்கு நான்கு வருஷமாகக் காத்திருக்கிறேன். "வுடுக்கா, பேஜாரு" என்று உமைமா என் கையைக் கிள்ளினாள்.

சாம்பிள் அலமாரியில் இத்தாலிக்குப் போகவேண்டிய ஒரு ஜோடி இருந்தது, அடியில் 37 என்று அச்சோடு. மேல்தோல் நான் தைத்தது. வேலை செய்பவர்கள் காலில் மாட்டிப் பார்க்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். ரப்பர் செருப்பை உதறிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப எடுங்க போட்டோ. இல்லன்னா சேலையக் குடுத்துட்டு மிஷினுக்குப் போறேன்."

ஹேமந்த் வாயைத் திறப்பதற்குள் போட்டோக்காரர் இரண்டு எடுத்துவிட்டார்.

மறுநாள் லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

"ஒரு போட்டோவுக்காகக் கெடுத்துக்கிட்டியேக்கா" என்றாள் உமைமா.

"ஷூ கரெக்டா இருந்துச்சுடி" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் ஊரார் காலுக்கெல்லாம் தைத்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது, தன் கால் அளவு முப்பத்தேழு என்று.