சைனம்பு பேர் வெட்டிய தாம்பாளம்

பேகம்பூரில் எந்த வீட்டு அடுக்களையில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சைனம்புவைக் கேட்டால் போதும். பாத்திரத்தைப் பார்த்தே வீட்டுக்காரியின் குணத்தைச் சொல்லிவிடுவதாக அவளுக்கு ஒரு பெருமை வேறு. அம்மியை அரைத்த கையோடு கழுவாதவள் மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். அருவாமணையை நிமிர்த்தியபடி போட்டுவிட்டுப் போகிறவள் புருஷனை மதிக்காதவள். உப்பு ஜாடிக்கு மூடி இல்லாத வீட்டில் வாய்க்கும் மூடி இருக்காது. சைனம்பு வீட்டு உப்பு ஜாடிக்கு நல்ல கனமான மூடி இருந்தது. அதனால் அந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் தெருவில் யாரும் நம்பவில்லை.

இந்தச் சாஸ்திரத்துக்குள் அடங்காத ஒரே ஆள் எதிர்வீட்டுக் கமர்ஜஹான். அவள் அடுக்களையைப் பார்த்து அவள் குணத்தைச் சொல்ல வழியில்லை. அங்கே இருந்ததில் முக்கால்வாசி அடுத்தவர்கள் பாத்திரம்.

வறுமை என்று சொல்ல முடியாது. புருஷன் அப்துல் வாஹித் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வீட்டில் நெய் மணக்காத வெள்ளிக்கிழமை கிடையாது. ஆனால் கறி பாதி வெந்த பிறகுதான் சட்டி சிறிது என்பது கமர்ஜஹானுக்குத் தெரியவரும். கையில் கரண்டியோடு தெருவில் வந்து நிற்பாள். போன நோன்புப் பெருநாளைக்கு அப்படி வந்து நின்றபோதுதான், ஏதோ கிறுக்குப் பிடித்த மாதிரி, சைனம்பு தன் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தாள். தெருவுக்குள் வந்த முதல் எவர்சில்வர் அது. அண்ணன் மதுரையில் வாங்கி, விளிம்பில் புள்ளி புள்ளியாக ‘சைனம்பு’ என்று பேர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போயிற்று. தாம்பாளம் வரவில்லை.

“ஏன்டி கமரு, என் தாம்பாளம் உன் வீட்டுலயே குடியேறிருச்சா?”

“என்னக்கா இப்படிக் கேட்டுப்புட்டீக! ஏனத்தை வெறுசாத் திருப்பிக் குடுக்கிறது மொறையா? வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு ஆக்கி, கும்முன்னு வச்சுக் கொண்டாறேன்.”

மற்ற வீடுகளில் இந்த முறைக்கு ஒரு சிட்டிகை சீனி போதும். கமர்ஜஹானுக்குச் சீனி கேவலம். வைத்தால் நெய்ச்சோறு, இல்லாவிட்டால் பாத்திரமே கிடையாது. சொன்னபடி வெள்ளிக்கிழமை ஆக்கவும் செய்தாள். வாசனை சைனம்பு வீட்டுக் கூரைவரை ஏறியது. ஆனால் மீன்காரிக்கு ஒரு கிண்ணம், ஜட்கா வண்டிக்காரருக்கு ஒரு இலை, வாசலில் நின்ற பக்கிரிக்கு வயிறு நிறைய என்று போய், தாம்பாளத்தை நிரப்பும் நேரத்தில் சட்டியில் காந்தல்தான் மிச்சம்.

“காந்தலை வச்சு நீட்டினா நீங்க என்ன நெனைப்பீக? அடுத்த வெள்ளிக்கிழமை பாருங்கக்கா.”

இப்படி எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் கழிந்த பிறகு, கமர்ஜஹானின் மகள் உம்மு சல்மாவைப் பெண் பார்க்க வடமதுரையிலிருந்து ஆள் வருகிறது என்று சேதி வந்தது. மாப்பிள்ளை சனாவுல்லாவுக்குச் சொந்த மளிகைக் கடை. மாப்பிள்ளையின் தாய் நசீம் பானு, மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். பெண்ணைப் பற்றித் தெரு முழுக்கப் பேசியது. சைனம்பு தாம்பாளத்தைப் பற்றி மட்டுமே யோசித்தாள். அன்றைக்குப் பலகாரம் வைக்க அது வெளியே வந்தே தீரும். விருந்தாடிகள் தின்று முடித்ததும் காலியாகும். காலியான அந்த நிமிஷம், துப்பட்டிக்குள் சொருகிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்குக் கணக்காகக் கமர்ஜஹான் வீட்டுக்குள் வாசல் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே ஒருத்தி இடம் பிடித்திருந்தாள். பின்தெரு வியாகுலம்மாள்.

“நீ எதுக்கு புள்ள வந்த?”

“என் கூஜாவைப் பாக்க வந்தேன். பொண்ணை நான் தெனமும்தான் பாக்குறேனே.”

நசீம் பானு வந்தாள். உட்கார்ந்ததும் பாயை ஓரத்தில் தூக்கி அடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். சைனம்புவுக்கு அந்த இடத்திலேயே ஒரு மரியாதை பிறந்துவிட்டது. தொழில் தெரிந்தவள். பிறகு தாம்பாளம் வந்தது, முறுக்கும் லட்டுமாக; கூடவே கூஜாவும் டம்ளரும். நசீம் பானு ஒரு லட்டை எடுத்தாள்; தாம்பாளத்தை விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டாள்; விளிம்பைத் தடவினாள். விரல் நின்றது.

“என்னமோ எழுதியிருக்கே. வாசி.”

அஞ்சாம் வகுப்புவரை படித்த மகள் குனிந்தாள். “சை… ன… ம்பு.”

“பொண்ணு உம்மு சல்மா. ஆத்தா கமர்ஜஹான். சைனம்பு யாரு? அந்தக் கூஜாவுல?”

“இஞ்ஞாசி, வியாகுலம்மாள்.”

“டம்ளர்ல?”

“நாச்சிமுத்து காபி கிளப்.”

முக்காட்டுக்குள் உம்மு சல்மாவின் தோள்கள் குலுங்கின. பெண் அழுகிறாள் என்று விருந்தாடிகள் நினைத்தார்கள். அந்தப் பெண் அடக்கமாட்டாமல் சிரிப்பது தெருக்காரிகளுக்குத் தெரிந்தது.

நசீம் பானு லட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். “பண்டம் வைக்கிற ஏனம் அம்புட்டும் இரவல். பொண்ணாச்சும் சொந்தமா, அதையும் கேட்டு வாங்கி உக்கார வச்சிருக்கீகளா?”

இதையே, இதைவிடக் காரமாக, சைனம்பு வருஷம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள், கறிக்கடையில் சொல்லியிருக்கிறாள். ஆனால் கமர்ஜஹானை ஏசுவது இந்தத் தெருவின் பாத்தியதை. வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து ஒருத்தி அதை எடுத்துக்கொள்வதா? உடம்பு தானாக எழுந்து நின்றுவிட்டது.

“நான்தான் சைனம்பு. உங்க ஊர்ல எப்படியோ தெரியாது. எங்க தெருவுல ஒரு பொண்ணு சமைஞ்சு நின்னா, வீட்டுக்கு வீடு ஒரு ஏனம் சீராக் குடுக்கிறது வழக்கம். பேரு வெட்டித்தான் குடுப்போம். நாளைக்குப் புருஷன் வீட்டுல பொழங்கையில யாரு குடுத்ததுன்னு நெனைப்பு வேணும்ல?”

வியாகுலம்மாள் அவள் கெண்டைக்காலில் கிள்ளிய கிள்ளில் தோல் கன்றிப்போனது. அப்போதுதான் சைனம்புவுக்கே தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

நசீம் பானுவின் முகம் மெல்ல விரிந்தது. “அப்ப இதெல்லாம் பொண்ணோட வருமா?”

“வராம?”

“காபி கிளப்புக்காரருமா சீர் குடுத்தாரு?”

“ஊருக்கே காபி குடுக்கிற மனுசன். ஒரு டம்ளர் குடுக்க மாட்டாரா?”

நசீம் பானு வைத்த லட்டை மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சம்பந்தம் முடிந்தது. முதல் சீரைக் கையோடு கொண்டுபோவதுதான் அழகு என்று அவளே முடிவு செய்து, மிச்சப் பலகாரத்தோடு தாம்பாளத்தை மகளிடம் கொடுத்தாள். ஜட்கா வண்டிவரை போய் வழியனுப்பியவள் சைனம்புதான். வெயிலில் எவர்சில்வர் பளீரென்று அடித்து, திருப்பத்தில் மறைந்தது.

“உன் தட்டை நீ தூக்கிக் குடு,” என்று வியாகுலம்மாள் பாய்ந்தாள். “என் கல்யாணக் கூஜாவை யாரைக் கேட்டு புள்ள குடுத்த? எம் புருஷன் பேரு வடமதுரை அடுப்படியில கெடக்கணுமா?”

“கெடக்கட்டும். இங்க இருந்து என்னத்தக் கிழிச்சாரு?”

கமர்ஜஹான் ஓடிவந்து சைனம்புவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். நன்றி சொல்லப் போகிறாள் என்று சைனம்பு கழுத்தை நிமிர்த்தினாள்.

“அக்கா, வீட்டுக்கு வீடுன்னு சொல்லிப்புட்டீக. நிக்காஹ் அன்னைக்கு எல்லாச் சீரையும் வரிசையா வச்சுப் பாக்கணும்னு அந்தம்மா சொல்லிட்டுப் போயிருக்காக. என்கிட்ட பாதித் தெரு ஏனந்தானே இருக்கு? மீதிப் பாதிக்கு என்ன செய்ய?”

சைனம்பு அப்புறம் பேசியதை இங்கே எழுத முடியாது. கமர்ஜஹானின் ஏழு தலைமுறையும் அதில் வந்தது. மளிகைக் கடையும் வந்தது. சும்மா போன நாச்சிமுத்துவும் வந்தார். தொண்டை கட்டியதும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிணற்றடியில் அன்று அவளைப் பற்றித்தான் பேச்சு. பொய் சொன்னவள் அவள், முடிச்சையும் அவளே அவிழ்க்கட்டும் என்றார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருவில் கடகடவென்று ஒரு சத்தம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சைனம்பு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தன் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தரையோடு உருட்டிக்கொண்டு கமர்ஜஹான் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் நின்று, வாசலுக்கு வாசல் நின்றிருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்னங்கடி வேடிக்கை? உள்ள போயி ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஓட்டை ஒடசலைத் தூக்கிட்டு வந்தா, அந்த வடமதுரைக்காரி தட்டிப் பாப்பா, சொல்லிட்டேன்.”