திருகாணிமேல் மெரூன் பொட்டு

சத்தியநாதனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழுதாகி வந்த பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக, அதில் கடைசியாகக் கை வைத்தவனைத் திட்டுவான். என்ன கோளாறு என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். "எந்தப் புண்ணியவான் சார் கை வெச்சான் இதுல?" என்று அவன் கேட்கிற தோரணையில், வந்தவருக்கு அந்த முகம் தெரியாத புண்ணியவான்மேல் கோபமும் சத்தியநாதன்மேல் பக்தியும் ஒருசேர வந்துவிடும். இதை யார்தான் செய்வதில்லை? கொத்தனார் முந்தின கொத்தனாரைத் திட்டுவார், பல் டாக்டர் முந்தின பல் டாக்டரைத் திட்டுவார். ஆனால் சத்தியநாதன் அதைப் படம் பிடித்து, பழைய வாடிக்கையாளர்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸப் குழுவிலும் போடுவான். 'இன்றைய பாவம்' என்று தலைப்பு வேறு.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவன் கடை. டிவியில் சொருகி விளையாடுகிற இருபது வருஷத்துக் கறுப்பு கேம் பெட்டிகள்தான் அவன் உலகம். காப்பி போட்ட டிஸ்க்கும் ஓட வேண்டும் என்று அவற்றுக்குள் ஒரு சின்னச் சிப்பைப் பற்றவைப்பார்கள். அந்தக் காலத்தில் தாம்பரம் வட்டாரத்தில் சிப் போடுகிற நாலைந்து பேரில் சத்தியநாதனுக்குத்தான் பேர். வண்டலூர்ப் பக்கத்து ஹாஸ்டல் பையன்கள் பைக்கில் வந்து படிக்கட்டில் காத்துக் கிடப்பார்கள். இப்போது அதே பையன்கள் கை நிறையச் சம்பாதித்துக்கொண்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அன்று காலை பதினோரு மணிக்கு வந்தவர்கள் அந்த ரகம் இல்லை. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வீராசாமி என்பவரும் அவர் மகள் ஜெயஸ்ரீயும். அவர் கடலுக்குப் போகிறவர். அவள் கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பெட்டியைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். துண்டை விலக்கியதும் கடை முழுக்கக் கருகல் வாசனை. மேல்மூடி உருகிப் பிளந்து, உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே தெரிந்தது.

ரிப்பேருக்கு வரவில்லை என்று ஜெயஸ்ரீ முதலிலேயே சொல்லிவிட்டாள். வந்த விஷயத்தை அவள்தான் சொன்னாள், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போன ஒரு பையனிடமிருந்து தம்பி ஹேமநாத்துக்காக அப்பா ஆசையாக வாங்கி வந்த பெட்டி இது. பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு மத்தியானம், ஹேமநாத் விளையாடிக்கொண்டிருந்துவிட்டு வாசலுக்குப் போன சமயத்தில், பெட்டி புகைந்து தீப்பிடித்தது. பக்கத்தில் குவித்து வைத்திருந்த நைலான் வலை குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. அம்மா முத்தாலம்மாள் எரிகிற வலையை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டாள். உருகின நைலான் அவள் வலது கையில் முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. மீன் அறுத்து விற்கிற கை.

ஹேமநாத் மூன்று மாசம் செல்போன் ரிப்பேர் கோர்ஸ் படித்தவன். எந்நேரமும் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அது போதாதா அப்பாவுக்கு? அவன்தான் பெட்டியைக் குடைந்து கெடுத்தான் என்று முடிவு கட்டி, குப்பமே கூடி நிற்க, இருபது வயசுப் பிள்ளையை அடித்து விரட்டிவிட்டார். அவன் தொடவே இல்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. இப்போது கூடுவாஞ்சேரியில் சிநேகிதன் ரூமில் இருக்கிறானாம். வீட்டு நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லையாம்.

அப்போதுதான் வீராசாமி வாயைத் திறந்தார். "இந்தப் பொண்ணு தொல்ல தாங்கல சார். அவன் தொடலேன்னு நீ சொல்லு, நானே போயி அவன இட்டாறேன். தொட்டான்னு சொன்னா அவ்ளோதான். எனக்குக் கொள்ளி போடக்கூட அவன் வரத் தேவல்ல."

இவ்வளவு பெரிய வழக்கில் தீர்ப்பு சொல்லும் நாற்காலி தனக்குக் கிடைத்ததில் சத்தியநாதனுக்கு உள்ளூரக் கொஞ்சம் மிதப்புதான். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். முதலில் சிப். அவ்வளவு புகையிலும் அதன் வயர்கள் தலை வாரிப் பின்னியது போல ஒழுங்காகக் கிடந்தன. சிப் போட்டவன் தொழில் தெரிந்தவன், கை சுத்தமான ஆள் என்று பாராட்டினான். அப்புறம் கரண்ட் வந்து இறங்குகிற பவர் போர்டுக்கு வந்தான். நாலு மூலையிலும் நாலு திருகாணி, மூன்று கரிபிடித்துக் கிடந்தன. நாலாவதில் மட்டும், யாரோ விரலால் துடைத்தது போல், துரு நிறத்தில் ஏதோ தெரிந்தது. திருப்பும்போது ஒவ்வொன்றும் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் சுழன்றது. பேச்சு மும்முரத்தில் அதை அவன் சட்டை செய்யவில்லை.

போர்டைக் கவிழ்த்ததும் அவன் பார்த்தது அந்தக் கம்பியை. ஃபியூஸின் இரண்டு காலுக்கும் குறுக்கே, வீட்டு வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி, ரெண்டு இழை முறுக்கிப் பற்றவைத்திருந்தது. கரண்ட் எகிறினால் முதலில் எரிந்து அறுந்துபோய் மற்றதைக் காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். அதன் குறுக்கே கம்பியைப் போட்டால், வீடே எரிந்தாலும் கம்பி அறாது. சத்தியநாதனுக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

"இதைச் செஞ்சவன் மனுஷனே இல்ல" என்றான். "சிப் போட்டவன் வேற ஆளுங்க. அதுக்கப்புறம் அரைகுறையா தெரிஞ்ச எவனோ கை வெச்சிருக்கான். இவன் கைய ஒடிக்கணும்."

நாக்கு சும்மா இருந்ததா பாருங்கள். ஜெயஸ்ரீயின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்றாள். பார்த்துவிட்டுத்தானே சொல்கிறேன் என்றான் அவன். வீராசாமியைப் பார்த்தால் ஜெயித்த மனுஷனாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாமானை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

சத்தியநாதன் செல்போனை எடுத்தான். இந்தப் படம் குழுவில் பற்றிக்கொண்டு ஓடும் என்று அவனுக்குத் தெரியும். படம் பளிச்சென்று வர வேண்டுமே என்று, கழற்றி வைத்த திருகாணி ஒன்றை எடுத்து, பஞ்சில் தின்னரைத் தொட்டு லேசாக ஒற்றினான்.

கரி போயிற்று. திருகாணித் தலையில், ஓரத்தோடு ஓரமாக, மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு.

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நிறத்தை அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கல்யாணமான புதுசில் மனைவி ஜெயக்கொடியின் அலமாரியிலிருந்து எடுத்த நகச்சாயம். வேலை முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் பவர் போர்டுத் திருகாணிகள்மேல், போர்டிலும் பட்டு ஒட்டுகிற மாதிரி ஒரு பொட்டு வைப்பான். பொட்டு விரிசல் விடாமல் இருந்தால் தனக்கப்புறம் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். இன்றுவரைக்கும் அதே நிறம்தான், இப்போது வாங்கினது மேஜைமேல் கண்ணெதிரே இருந்தது. போர்டின் தகட்டைத் துடைத்தான். மார்க்கர் பேனாவில் அவன் கையெழுத்து சிரித்தது. ச.நா., 2009.

'டிக்', 'டிக்', 'டிக்', 'டிக்' என்று நாலு சத்தமும் இப்போதுதான் அவன் காதில் விழுந்தன. பதினைந்து வருஷமாக உடையாத பொட்டு, சற்று முன் தன் கையாலேயே உடைந்த சத்தம். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இவனிடமே சிப் போட்டுக்கொண்ட பெட்டியில் மின்னலுக்கு ஃபியூஸ் போய்விட்டதென்று தூக்கிக்கொண்டு வந்தான் ஒரு ஹாஸ்டல் பையன். அந்த அளவு ஃபியூஸ் கையில் இல்லை. அன்று சனிக்கிழமை, பையனுக்கோ அன்றைக்கே விளையாட வேண்டும். இப்போதைக்கு ஓடட்டும், திங்கட்கிழமை வா, மாற்றிவிடலாம் என்று இவன்தான் சொன்னான். பையன் வரவில்லை. இவனும் கூப்பிடவில்லை. ஓடுகிற பெட்டியை எவன் திருப்பிக் கொண்டு வருவான்? கைமாறிக் கைமாறிக் கடைசியில் அது வீராசாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு பையனுக்கு மட்டும்தானா திங்கட்கிழமை என்று சொன்னான்?

பஞ்சில் இன்னும் ஈரம் இருந்தது. நாலு தேய்ப்பு தேய்த்தால் நாலு பொட்டும் காணாமல் போகும். தகட்டுக்கு ஒரு தேய்ப்பு. வீராசாமியும் மகளும் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை. கேட்க நாதி இல்லை. இதையெல்லாம் அவன் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே நினைத்தான். கீழே அவர்களுடைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கொள்ளி போடக்கூட வரத் தேவையில்லை என்று அந்த மனுஷன் சொன்னதும் கூடவே கேட்டது.

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. சத்தியநாதன் செருப்புக்கூடப் போடாமல், திருகாணியைக் கைக்குள் பொத்திக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கி, சந்து முனைக்கு ஓடி, வண்டிக்குக் குறுக்கே போய் நின்றான். மூச்சு வாங்கியது. ஜெயஸ்ரீ பிரேக் போட்டுவிட்டுப் பார்த்தாள்.

"அது என் வேலைதான் சார்" என்றான். "அந்தக் கம்பிய வெச்சது நான். உங்க பையன் தொடல."

வீராசாமிக்குப் புரியவில்லை. நடு ரோட்டிலேயே உள்ளங்கையை விரித்துத் திருகாணியைக் காட்டி, பொட்டு என்றால் என்ன, அது எதற்கு, உடையாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னான். சிப் போட்டவனும் நான், கம்பி வைத்தவனும் நான், இரண்டும் ஒரே கை என்றான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றான்.

வீராசாமி திருகாணியை எடுக்கவில்லை. பேயறைந்தது போல் அதையே பார்த்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி, பக்கத்துப் பழக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் அன்னிக்கே சொன்னாம்மா" என்றார் மகளிடம். "நெருப்ப அணைச்சிட்டு, வெரலால தொடச்சிக் காட்டினான். பொட்டு அப்டியே கீதுப்பா, ஒடையலப்பான்னு சொல்லிக்கினே இருந்தான். ஆத்தா கை வெந்து கெடக்குது, இன்னாடா பொட்டு கிட்டுன்னு அப்பத்தான் அறைஞ்சேன். மொத அடியே அதுக்குத்தான்."

ஜெயஸ்ரீ அழுதாள். சத்தியநாதனுக்கு அந்த நாலாவது திருகாணி கண்ணில் வந்து நின்றது. துரு என்று நினைத்தானே, விரலால் துடைத்த அந்தத் தடம். பிள்ளை தன் சாட்சியைத் துடைத்து எடுத்து நீட்டியிருக்கிறான். அப்பனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவன் பேச்சு சுவாரசியத்தில் பார்க்கவில்லை. அந்த வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

வீட்டு நம்பர் என்றால் எடுக்க மாட்டான் என்பதால் சத்தியநாதனின் போனிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்றாவது மணியில் எடுத்தான். நான்தான் தம்பி அந்த மெரூன் பொட்டை வைத்தவன், தப்பு என்னுடையது, உங்கள் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன் என்று சத்தியநாதன் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான்.

"அம்மா கைக்கட்டு அவுத்துட்டாங்களா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல்.

அந்தக் கையைச் சுட்டவனே இவன்தானே. போனை வீராசாமியிடம் நீட்டினான். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் அவுக்கலடா" என்றார். "நாளைக்கு அவுக்கறாங்க. நீ கூட இருந்தாத்தான் அழாம இருப்பா. அக்காவ அனுப்பறேன், வந்துடு நைனா."

வருகிறேன் என்று அவன் சொன்னானா என்பது யாருக்கும் கேட்கவில்லை. வீராசாமி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். ஜெயஸ்ரீயைக் கூடுவாஞ்சேரிக்குப் போகச் சொன்னார். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் போனதும், சத்தியநாதனைப் பார்த்தார்.

"உன் வண்டிய எடு. பொட்டியையும் எடுத்துக்க. மிச்சம் மூணு பொட்டையும் தொடைக்காம அப்டியே எடுத்தா" என்றார். "குப்பமே பாக்கத்தான் அவன அடிச்சேன். குப்பமே பாக்க நீ சொல்லணும். அப்பறம் அவ கைய நீ பாக்கணும்."

சத்தியநாதன் மேலே போய்ப் போர்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். அதே தலைப்புதான். கீழே, இது நான் செய்தது, 2009 வாக்கில் என்னிடம் பவர் போர்டு பார்த்தவர்கள் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று எழுதினான். ஷட்டரை இறக்கும்போதே பாக்கெட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்று நின்றால் இன்னொன்று. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீராசாமி பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிழக்குத் தாம்பரம் தாண்டி வேளச்சேரி ரோட்டில் ஏறியது. போன் நிற்காமல் அடித்துக்கொண்டே வந்தது.