சேதராப்பட்டு வால்வு

முதலியார்பேட்டையில் கலியபெருமாள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் சாட்சி தேவையில்லை. மில் ஓடிய காலத்தில் யூனியன் தேர்தல் நடந்தால், அடித்துக்கொண்டு நின்ற இரண்டு தரப்பும் ஓட்டு எண்ண அவரைத்தான் கூப்பிடும். மில் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் பேச்சின் மதிப்பு மட்டும் மூடவில்லை. காலையில் கஞ்சி போட்ட வேட்டியோடு அவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்தால், முதுகுக்குள் யாரோ இரும்புக் கம்பி வைத்துத் தைத்துவிட்டதுபோல் இருக்கும்.

அவருடைய மகள் சுடர்விழிக்குச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. பட்டறையில் செய்யும் வால்வுகளைச் சோதித்துப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற இன்ஜினியர். அந்த வால்வுகளை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் ராக்கெட்டுக்கு வாங்கியது. ராக்கெட்டின் வேலை, விண்வெளி நிலையத்தில் தங்கியிருப்பவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் மாற்றுத் துணியும் ஆராய்ச்சிச் சாமான்களும் நிரம்பிய சரக்குக் கலத்தை மேலே கொண்டுபோய் விடுவது. அடியில் ஒன்பது இன்ஜின். ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு சேதராப்பட்டு வால்வு.

இதைக் கேட்ட பிறகு கலியபெருமாளால் சும்மா இருக்க முடியுமா? பேனர் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தாலும் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் புது ஆட்டோவுக்கும் பேனர் வைக்கிற ஊரில், வானத்துக்குப் போகிற வால்வுக்கு வைக்காமல் விடுவதா? தெருமுனையில், தேவதாஸின் டீக்கடைக்கு எதிரே, இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர் ஏறியது. பட்டமளிப்பு அங்கியில் சுடர்விழி, பக்கத்தில் நெருப்பு கக்கும் ராக்கெட், கீழே கைகூப்பிய கலியபெருமாள். நெருப்பு சரியாக அவர் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. அச்சடித்தவன் இடம் பார்த்துப் போடவில்லை.

ராக்கெட் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுடர்விழி பட்டறை ஆட்களோடு சேர்ந்து அங்கேயே டிவியில் பார்க்கப் போய்விட்டாள். தெருவில் பாதி தேவதாஸ் கடை டிவி முன்னால் நின்றது. நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் மைத்துனர் ஜானகிராமன்கூட அன்றைக்குப் படகைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தார். ராக்கெட் எழும்பியபோது யாரோ விசில் அடித்தார்கள். கலியபெருமாள் கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்போல எல்லோருக்கும் தலையசைத்து வரவேற்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடியில் ஒன்பது வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. திடீரென்று ஒன்று அணைந்தது. ஒரு இன்ஜின் நின்றுபோய்விட்டதாக டிவியில் ஒரு குரல் பதற்றமில்லாமல் சொன்னது. மீதி என்ன சொல்லியிருக்குமோ, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் ஜானகிராமனின் குரல் கேட்டது.

"மாமா, ஒன்னு புட்டுக்கிச்சே. நம்ம வால்வுதானோ?"

கேட்டவருக்கு அது வெறும் கிண்டல். கலியபெருமாளுக்கோ காது அடைத்துவிட்டது. வீட்டுப் பெயர், பெண்ணின் பெயர், எதிரே பேனர். யோசிக்கவில்லை, வாய் தானாகத் திறந்தது.

"அந்த ராக்கெட்டுல நம்ம வால்வே இல்ல. நம்மளுது அடுத்த ராக்கெட்டுக்கு."

அவ்வளவுதான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தேவதாஸ் மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற வேறு வேலைகளும் செய்ய வேண்டியிருக்கிறது. பேனரை முன்கூட்டியே வைத்துவிட்டோம் என்று சொல்லி அவரே அவிழ்த்தார். படகுக்கு நிழல் கட்டத் துணி இல்லை என்று ஜானகிராமன் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

அன்று சுடர்விழி வீட்டுக்கு வரவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறது என்று அம்மாவுக்குப் போன் வந்தது. கலியபெருமாள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

மறுநாள் மாலை அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் கையில் இனிப்புப் பெட்டி. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். நின்றுபோன இன்ஜினில் எரிபொருளைத் தள்ளுகிற பம்ப் விரிசல் விட்டிருக்கிறது. அந்தப் பம்ப்பை அவள் பட்டறை செய்யவில்லை. வேறு யாரோ செய்தது. விரிசல் விட்ட கண்ணிமைப்பில் சேதராப்பட்டு வால்வு மூடிக்கொண்டு எரிபொருளை நிறுத்திவிட்டது. மூடாமல் இருந்திருந்தால் அந்த இன்ஜின் வெடித்து, பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கும். மூடியதால் மீதி எட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக எரிந்து சரக்கைச் சேர்க்க வேண்டிய உயரத்தில் சேர்த்துவிட்டன. கம்பெனிக்காரர்கள் ராத்திரி முழுக்கப் பட்டறையோடு பேசி, வால்வின் சோதனை விவரங்களை அவளிடம்தான் கேட்டார்களாம். சரக்கு நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

கலியபெருமாளுக்கு உடம்பெல்லாம் லேசாகி, நாற்காலியோடு மேலே கிளம்பிவிடுவார் போலிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டார். பாதி மென்றபோது அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

சுடர்விழியின் பேச்சும் அந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கேபிள் டிவிக்காரர்கள் அவளைத் தேடித் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். அந்த ராக்கெட்டில் அந்த வீட்டு வால்வே இல்லை, அப்பாவே சொன்னார், அவர் பொய் சொல்கிற ஆள் கிடையாது என்று தேவதாஸ் திருப்பி அனுப்பிவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா," என்றாள் அவள். "நின்னதும் நம்மளுதுதான் கெட்டிருக்கும்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அவர் லட்டை விழுங்கினார். ஊரெல்லாம் நம்பிய மகளை, நம்பாமல் போன ஒரே ஆள் அவர்தான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தானை மாற்றிப் போட்டபடியே தெருவில் இறங்கினார்.

நல்லவேளை, கேபிள் டிவி வண்டி இன்னும் போகவில்லை. வந்ததற்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று டீக்கடைக்குப் பக்கத்துச் சாக்கடை அடைப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்திருந்த பெண்ணுக்குக் கமலவேணி என்று பெயர். கலியபெருமாள் கேமராவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் போய் விறைப்பாக நின்றார்.

"நேத்து நான் சொன்னது பொய். வால்வு எங்க பொண்ணு சோதிச்சதுதான். ராக்கெட்ட காப்பாத்துனதே அதுதான்."

தேவதாஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஒரு டீயைக் கொடுத்தார். தேவதாஸுக்கே கண் கலங்கியிருந்தது.

"பொண்ணு மேல பாசம். அதுக்காக ஒரு நாளும் சொல்லாத பொய்ய இன்னிக்கு சொல்றாரு," என்றார் கேமராவைப் பார்த்து.

கமலவேணி பொறுமையாகத்தான் கேட்டாள். நீங்கள் பொய்யே சொல்ல மாட்டீர்கள் என்று தெருவே சொல்கிறதே என்றாள். நேற்றுச் சொன்னேன் என்றார் அவர். நேற்றுச் சொன்னவர் இன்றைக்கும் சொல்லலாம் இல்லையா என்றாள் அவள். இன்றைக்குச் சொல்வது நிஜம் என்றார். அப்படியானால் நேற்றுச் சொன்னதும் நிஜம்தானே, நீங்கள்தான் பொய்யே சொல்ல மாட்டீர்களே என்று கூட்டத்திலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். கலியபெருமாளுக்குத் தலை சுற்றியது. அறுபது வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய மானம் அவர் முன்னாலேயே சுவராக நின்று வழியை மறித்தது.

அப்போதுதான் அவர் மனைவி அமிர்தவல்லி வந்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள். நாற்பத்து மூன்று வருஷக் குடும்பம் அவளுடையது. சொல்ல விஷயம் இல்லாமல் இருக்குமா?

"இவரா பொய் சொல்ல மாட்டாரு? பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பாகிட்ட பிரெஞ்சு தெரியும்னாரு. போன்ழூர், மெர்சி, அவ்ளோதான் தெரியும். அதுலயும் நன்றி சொல்ற மெர்சிய வந்தவுடனே சொல்லிட்டாரு."

கூட்டம் கலியபெருமாளைப் பார்த்தது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமாம்," என்றார்.

அன்றைக்குக் கட்டிவந்த கைக்கடிகாரம் இரவல் என்றாள். ஆமாம் என்றார். அவள் செய்த முதல் மீன்குழம்பை ஆஹா என்று சொல்லிவிட்டு, பூனைக்கு ஊற்றியதை அவள் பார்த்திருக்கிறாள் என்றாள். அவர் கொஞ்சம் தயங்கி, அதற்கும் ஆமாம் என்றார். ஒவ்வொரு ஆமாமுக்கும் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சுடர்விழி வீட்டு வாசலிலிருந்து மெதுவாக நடந்து வந்தவள், கடைசியில் கூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். தேவதாஸ் மட்டும் அசையவில்லை. அதெல்லாம் வாலிப வயசு, இப்போது அண்ணன் அப்படி இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"இப்போவும்தான்," என்றாள் அமிர்தவல்லி. "டாக்டர் சொன்னதிலேருந்து சர்க்கர போடாத டீதான் குடிக்கிறேங்கறாரு. நானும் நம்பிக்கிட்டுதான் இருக்கேன்."

தேவதாஸ் பெஞ்சில் இருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த சர்க்கரை ஸ்பூனைப் பார்த்தார்.

"தினமும் ரெண்டு ஸ்பூன் வாங்குறாரேக்கா," என்றார் மெல்லிய குரலில்.

கலியபெருமாள் எழுந்து நின்றார். "ஆமாம்," என்றார். "இதுவும் உண்மைதான். இனிமேலாவது நம்புங்க. வால்வு எங்க வீட்டுதுதான்."

இந்தத் தடவை தெரு நம்பியது. கமலவேணி சுடர்விழியின் முன்னால் மைக்கை நீட்டினாள். அவள் பம்ப்பையும் வால்வையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது சிரிப்பு அடங்கி எல்லோரும் கிட்டே வந்தார்கள். நடுவில் ஒரு தடவை அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பித்தான் மாறியிருப்பதை அங்கிருந்தே கண்ணால் காட்டினாள்.

போன் போட்டதும் ஜானகிராமன் பேனரோடு பறந்து வந்தார். அதில் உப்புத் தண்ணீரும் மீன் வாடையும் ஏறியிருந்தன. அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள். ராக்கெட் பூமியை நோக்கிப் பாய, கலியபெருமாள் ஆகாயத்தில் தலைகீழாகத் தொங்கியபடி ஊரைக் கும்பிட்டார். திருப்பிக் கட்டச் சொல்லி அவர் அதட்டியும் சிரிப்பில் ஒருவருக்கும் முடிச்சு அவிழ்க்கக் கை வரவில்லை.

மறுநாள் சரக்கு நிலையத்தில் போய்ச் சேர்ந்த செய்தி டிவியில் வந்தபோது அவர் அதே பெஞ்சில், அதே விறைப்போடு உட்கார்ந்திருந்தார். தேவதாஸ் பாலை ஆற்றிக்கொண்டே சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றார் கலியபெருமாள்.

தேவதாஸ் தெருவுக்கு அந்தப் பக்கம், கோலம் போட்டுக்கொண்டிருந்த அமிர்தவல்லியைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து தலையசைத்த பிறகுதான் டீ வந்தது.