எழுந்திருக்க மனம் வராத நாற்காலி

அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் க்ளெய்ம் பிரிவில் துணை மேலாளராக இருந்தவருக்கு நாற்பத்தாறாவது வயதில் நாற்காலிப் பித்து பிடித்தது. அதுவரை உட்காரும் பொருள் எதையும் திரும்பிப் பார்த்தவரில்லை. சகலை வீட்டில் ஒரு வழவழப்பான பத்திரிகையைப் புரட்டப் போய், நடுப்பக்கத்தில் அதைக் கண்டார். வளைத்த பலகை, கருப்புத் தோல் மெத்தை, ஒற்றைத் தண்டில் சுழலும் இருக்கை, முன்னால் கால் நீட்ட அதே ஜாதியில் ஒரு குட்டி ஸ்டூல். எழுபது வருடத்துக்கு முன் வெளிநாட்டு மேதை ஒருவர் வடிவமைத்தது, இன்றைய வீட்டுக்கும் அதுவே அழகு என்று போட்டிருந்தது. அன்று சாப்பாட்டின்போதுகூட அவர் சகலையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து நாற்காலி வந்தது. அது வந்த பிறகுதான் கூடத்தில் மற்றதெல்லாம் அசிங்கமாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. சோபாவை மச்சினன் தலையில் கட்டினார். டிவி படுக்கையறைக்குப் போயிற்று. இஸ்திரி மேசையும் செருப்பு ஸ்டாண்டும் கண்காணாத இடத்துக்குப் போயின.

“இடம் மூச்சு விடணும்” என்றார்.

“நாங்க எங்க உட்கார்ந்து மூச்சு விடறதுப்பா?” என்று கேட்டாள் மகள். கல்லூரியில் முதலாண்டு. அப்பாவுக்குப் பதில் சொல்வதையே ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறவள் போலிருந்தாள்.

மனைவி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்து கையால் அதன் உயரத்தை அளந்தாள்.

“என்னங்க, சீட்டு முட்டிக்கு ரொம்பக் கீழ இருக்கு. பின்னாடி வேற சாயுது. என் பேஷண்ட் யாராவது இதுல உட்கார்ந்தா, எழுப்ப ரெண்டு பேர் வேணும்.”

“இது பேஷண்டுக்கு இல்ல. ரசனை உள்ளவங்களுக்கு.”

ரசனை உள்ளவர் ஞாயிறுதோறும் பத்து நிமிடம் அதில் சாய்ந்து, ஒரு கனத்த புத்தகத்தைப் பக்கம் திருப்பாமல் வைத்திருந்தார். மற்ற நாட்களில் அதன்மேல் பழைய போர்வை கிடந்தது. மனைவியும் மகளும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளிலேயே காலம் தள்ளினார்கள்.

அப்போது ஒரு கிளை மேலாளர் பதவி காலியாயிற்று. துணை மேலாளர் ஜி.எம்.மை வீட்டுக்கு அழைத்தார். ஜி.எம். கனத்த உடம்புக்காரர், கண்டிப்பானவர். எந்தக் கூட்டத்தையும் நின்றுகொண்டே நடத்தி, நின்றுகொண்டே முடிப்பார். அது ஒரு நிர்வாக உத்தி என்று அலுவலகத்தில் நம்பினார்கள். இரண்டு இளம் அதிகாரிகள் தாங்களும் நின்று பார்த்து, கால் வலித்து விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது ஜி.எம்.மால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தார். சாப்பாட்டு மேசைப் பக்கம் போய், “இங்கயே உட்கார்ந்துக்கறேன்பா, அரை மணி நேரந்தான்” என்றார்.

“சார்! நீங்க அதுலதான் உட்காரணும்.” துணை மேலாளர் போர்வையை உருவினார். கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார்.

ஜி.எம். உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட உள்ளே போனார் என்பது பொருந்தும். முட்டி இரண்டும் மேலே வந்தன, முகம் கூரையைப் பார்த்தது. “ஆஹா” என்றார். டீ வந்தது. அழகு கெடும் என்று பக்கத்தில் சின்ன மேசைகூடப் போடாததால் கோப்பையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று, ஐந்தரையும் ஆயிற்று. ஜி.எம். ஒருமுறை காலைக் கீழே ஊன்றப் பார்த்தார், ஸ்டூல் நழுவியது. கைப்பிடியை அழுத்தினார், நாற்காலி அவரைச் சன்னல் பக்கம் திருப்பிவிட்டது. “நல்ல காத்து” என்றார். சன்னல் சாத்தியிருந்தது. அவர் மனைவி போன் செய்தபோது “இதோ கிளம்பிட்டேன்” என்றார். அதையே மூன்று தடவை சொன்னார். துணை மேலாளர் நாற்காலியின் வரலாற்றை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்து, பாதியில் சமையலறைக்கு ஓடிவந்தார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

“பாத்தியா? எழுந்திருக்க மனசே வரல அவருக்கு!”

மனைவி எட்டிப் பார்த்தாள். கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றியில் வியர்வை.

“மனசு எப்பவோ வந்தாச்சு. முட்டிதான் வரல.”

“உனக்கு உலகத்துல எல்லாரும் பேஷண்டுதான்” என்று சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குத் திரும்பினார். நெஞ்சு நிறைந்திருந்தது. “சார், மறுக்கக் கூடாது. இந்த நாற்காலி இனிமே உங்களோடது. நாளைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்.”

“ஐயய்யோ, வேண்டாம்பா.”

“உங்க பெருந்தன்மை சார்.”

“நிஜமாவே வேண்டாம்பா!”

எவ்வளவு வேண்டாம் என்றாரோ அவ்வளவு உறுதியாயிற்று. மனைவிக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்லிக் கணவரை விரட்டினாள். மகளிடம் கண்ணைக் காட்டினாள், அவளும் பின்னாலேயே போனாள். கதவு சாத்தியதும் மனைவி ஸ்டூலை ஒதுக்கி, நாற்காலி சுழலாமல் அடியில் பாதத்தால் முட்டுக்கொடுத்தாள்.

“எந்த முட்டி சார்?”

ஜி.எம். கூரையைப் பார்த்தபடியே சின்னக் குரலில், “ரெண்டும்மா. இடது கொஞ்சம் அதிகம்” என்றார். “நாலு வருஷமா. ஆபீஸ்ல உட்கார்ந்தா எழுந்திருக்கறதை நாலு பேர் பாப்பாங்க. அதனால உட்கார்றதே இல்ல.”

“இடுப்பை மட்டும் நகர்த்தி நுனிக்கு வாங்க. காலை உள்ள இழுங்க. நல்லா முன்னாடி குனிங்க, இன்னும், பயப்படாதீங்க. நான் மூணு சொன்னதும் கையை ஊன்றி எழுந்திருங்க.”

மூன்றில் எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. தொட்டியில் ஒன்றுமில்லை என்று கணவர் திரும்பி வந்தபோது, ஜி.எம். சன்னலருகில் கம்பீரமாக நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாற்காலி வேனில் ஏறிப் போயிற்று. செவ்வாய், வெள்ளிகளில் ஜி.எம். அலுவலகத்துக்குத் தெரியாமல் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் கட்டிலில் படுத்தபடி, “உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கிளையைக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்மா” என்றார்.

“இங்க நடக்கறதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். அதுக்காக எதுவும் தர வேண்டாம். தகுதி இருந்தா குடுங்க.”

ஜி.எம். யோசித்தார். “அப்படின்னா கொஞ்சம் கஷ்டம்” என்றார்.

பதவி கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மாளுக்குப் போயிற்று. துணை மேலாளர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதே வடிவமைப்பாளரின் நிலைவிளக்கு ஒன்றையும் வாங்கிச் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டுமோ என்று மனைவியிடம் இரண்டு தடவை கேட்டார்.

இதற்கிடையில் ஜி.எம். வீட்டம்மா, வீட்டில் அந்த நாற்காலி இருந்தால் தான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜி.எம். அதை அலுவலகத்துக்கு அனுப்பினார். அது க்ளெய்ம் பிரிவிலேயே, துணை மேலாளரின் மேசைக்கு எதிரே, பாலிசிக்காரர்கள் உட்காரும் இடத்தில் வந்து அமர்ந்தது.

விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேசையைத் தட்டிச் சண்டை போட வந்தவர்களுக்கு மேசை எட்டவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு ஒருவரைத் திட்டுவது லேசல்ல. முதல் மாதத்திலேயே புகார்கள் பாதியாகக் குறைந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. துணை மேலாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். எதிரே உட்கார்ந்து பார்க்கத்தான் கூடத்தில் ஓர் இருக்கை இல்லை.

மனைவிக்கு விஷயம் தெரிந்தது ஒரு தையல்கார அம்மாவால். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சிக்கு வந்தவர். “ஆஸ்பத்திரிச் செலவைக் கேக்கப் போனேன்மா. ஏதோ மெத்தை நாற்காலியில உட்கார வெச்சாங்க. எழுந்திருக்க முடியல. கையெழுத்து போட்டா எழுப்பி விடறேன்கற மாதிரி அந்தாளு ஒரு தாளை நீட்டினாரு. பாதிப் பணம் போதும்னு போட்டுட்டு வந்துட்டேன்.”

மனைவியின் முகம் சிவந்தது. வெள்ளிக்கிழமை ஜி.எம். வந்து படுத்தார். இடது முட்டியை மடக்கி, மெல்ல அழுத்தினாள்.

“சார், அந்த நாற்காலியை க்ளெய்ம்ல இருந்து எடுத்துடுங்க.”

“அதனால புகாரே வர்றதில்லம்மா. எல்லாரும்… வலிக்குதும்மா!”

“தெரியும் சார். உங்களுக்கு அன்னைக்கு ரெண்டு மணி நேரம். தையல்கார அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம்.”

அவள் கையை எடுத்ததும் ஜி.எம். முட்டியைத் தடவிக்கொண்டார். “திங்கக்கிழமை எடுத்துடறேன்” என்றார்.

எடுத்தும்விட்டார். தையல்கார அம்மாவின் கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்லி எழுத்திலேயே உத்தரவு போனது. நாற்காலி தலைமை அலுவலக முகப்புக்குப் போய், சுற்றிலும் கயிறு கட்டப்பட்டு, ‘உட்காராதீர்கள்’ என்ற அட்டையோடு நிற்கிறது.

அடுத்த வாரம் துணை மேலாளர் சோர்ந்து வீடு திரும்பினார்.

“முன்னாடி பாதிப் பணத்துக்குக் கையெழுத்து போட்டுட்டுப் போன ஒரு அம்மா இன்னைக்குத் திரும்ப வந்து என் மேசையைத் தட்டுன தட்டுல பேனா ஸ்டாண்டே கவுந்துடுச்சு. முழுப் பணத்தையும் வாங்கிட்டுத்தான் போனாங்க. சாதாரண நாற்காலி போட்டா இப்படித்தான்.”

“எழுந்து போறப்ப யாராவது பிடிச்சாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“எதுக்கு? தானாவே விறுவிறுன்னு எழுந்து போனாங்க.”

அவள் முகம் மலர்ந்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.