ஓர் இடத்துக்கு இரண்டு பேர்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. விடியுமுன் சந்தையில் மூட்டை தூக்கிய காய்க்காரி இன்னும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கணக்கெடுக்க வந்த அதிகாரி தாண்டிப் போய்விடுவார் என்று பயம்.

நடைபாதைக் கடைகளுக்கு நகராட்சி அனுமதி அட்டை தரப்போகிறது. அட்டை இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"இது உன் இடம்தானேம்மா?" அதிகாரி மின்கம்பத்தடியைக் காட்டினார்.

"காலையில என்னோடது சார். மத்தியானத்துக்கு மேல ஜிப்கார அண்ணனோடது."

ஜிப்காரர் பழைய பைகளுக்கு ஜிப் மாற்றித் தைப்பவர். வேலை விட்டுத் திரும்புகிறவர்கள்தான் அவரிடம் நிற்பார்கள். இவள் தார்ப்பாயைச் சுருட்டும்போது அவர் தையல் மெஷினை இறக்குவார். தெருவில் பாதி இடங்கள் இப்படித்தான் கைமாறும்.

"ஒரு இடத்துக்கு ஒரு அட்டைதான். இப்ப யாரு இருக்காங்களோ அவங்களுக்கு. உனக்கு நல்லதுதானே?"

பக்கத்தில் வாளி விற்பவள் முணுமுணுத்தாள். "பேசாம கையெழுத்தப் போடுடி. வலிய வர்றத எட்டி உதைக்காத."

"அவர எங்க உக்காரச் சொல்ல, அக்கா? உன் வாளிக்குள்ளயா?"

பிள்ளை பெற்று அவள் படுத்துக் கிடந்தபோது, வேறு யாரும் இடத்தைப் பிடித்துவிடாமல் காலையிலும் வந்து உட்கார்ந்தவர் ஜிப்காரர். காலையில் அவருக்கு ஒரு பை கூட வராது. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூன்று மாதம்.

"ரெண்டு பேரையும் எழுதுங்க சார். யாரு எந்த நேரம்னும் எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல காலியாத்தான இருக்கு."

"ஓரத்துல எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. உன் பேரும் சேர்ந்து நின்னுபோகும்."

"நின்னா நிக்கட்டும். சாயங்காலம் ஒருதரம் வந்து பாருங்க."

"சாயங்காலம் எனக்கு டூட்டி இல்ல."

"அப்ப இந்தத் தெருவுல பாதிப் பேரு உங்க கணக்குலயே இல்ல."

அதிகாரி கழுத்து வியர்வையைத் துடைத்தார். பேனாவைத் திறந்து, ஓரத்தில் இரண்டு பேரையும் நேரத்தோடு எழுதினார். "அட்டை வரும்னு நான் சொல்லலை."

"வராட்டி உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவோம். காலையில நான், சாயங்காலம் அவரு."

மத்தியானம் ஜிப்காரர் மெஷினை இறக்கினார். சேதி அவர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது.

"என்னைச் சேர்க்கப்போய் உன் பேருக்கும் உலை வச்சுக்கிட்டியாமே. பழைய கடன் தீர்ந்துச்சுன்னு வச்சுக்கம்மா."

"அட்டை கைக்கு வரட்டும் அண்ணே. அப்புறம் பேசலாம்."

தார்ப்பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்தாள். அவருக்கு அவள் தரவேண்டிய மூன்று மாதக் காலைகள் இன்னும் பாக்கி.